ஐந்நூறு மரக்கட்டைகள்

மலர்க் குழுவில் இருக்கும் நண்பர் ஒரு நாள் ராத்திரி போன் செய்தார். "நீ சரித்திரம் படிச்சவன்தானே, ஏதாவது எழுதிக் கொடு. ஆனா தயவு செஞ்சு ஹாஸ்டல் சாம்பாரைப் பத்தி வேண்டாம். அதுல ஏற்கெனவே ஏழு கட்டுரை வந்து குவிஞ்சிருக்கு" என்றார். சாம்பாரைப் பற்றி எழுதத்தான் மனதுக்குள் திட்டம் போட்டிருந்தேன் என்பதை அவரிடம் சொல்லவில்லை. அதற்குப் பதிலாக, நம் கல்லூரி வகுப்பறையில் பாதியில் நின்றுபோன ஒரு கதையை இங்கே முடித்து வைக்கலாம் என்று தோன்றியது.

என் செட் நண்பர்களுக்கு நினைவிருக்கும். நாங்கள் பி.ஏ. வரலாறு படித்தது 1974 முதல் 1977 வரை. வகுப்பறைப் பின்சுவரில் துணியில் ஒட்டிய ஒரு பெரிய இந்திய வரைபடம் தொங்கும். மடித்து மடித்து இமயமலைப் பக்கம் கிழிந்து போயிருக்கும். ஒரு நாள் பேராசிரியர் பிரம்பை எடுத்து அந்தக் கிழிசலைத் தொட்டார். "இங்கே மேலே திபெத்துல ஓடுறது சாங்போ. கீழே அஸ்ஸாம்ல ஓடுறது பிரம்மபுத்திரா. ரெண்டும் ஒரே ஆறுன்னு புஸ்தகத்துல போட்டிருக்கான். யாருப்பா போய்ப் பார்த்தது?" என்று கேட்டார். கடைசி பெஞ்சிலிருந்து யாரோ "வெள்ளைக்காரன் சார்" என்றான். அவர் சிரித்தார். "ஒரு தையல்காரர் போய்ப் பார்த்தார். எழுதப் படிக்கத் தெரியாதவர். அவர் வந்து சொன்னதை ஆபீஸ்ல இருந்தவங்க சரியா எழுதிக்கலை" என்றார். அதோடு மணி அடித்துவிட்டது. அடுத்த வகுப்பில் அவர் வேறு பாடத்துக்குப் போய்விட்டார். நாங்களும் கேட்கவில்லை. கேட்கிற பிள்ளைகளா நாங்கள்?

படிப்பு முடிந்ததும் அரசாங்கத்தில் சர்வேயர் வேலை கிடைத்தது. முப்பது வருஷத்துக்கு மேல் சங்கிலியும் கல்லுமாகவே ஓடிவிட்டது. ஓய்வு பெற்ற பிறகுதான் அந்தத் தையல்காரரைத் தேடிப் பிடித்துப் படித்தேன். அவர் பெயர் கிந்துப். சிக்கிம்காரர், டார்ஜிலிங்கில் இருந்தவர். சர்வே இலாகாவின் ரகசியத் தாள்களில் அவருக்குப் பெயர் கூடக் கிடையாது. "கே.பி." என்ற இரண்டே எழுத்துதான்.

கதைக்குப் போவதற்கு முன் கொஞ்சம் பின்னணி சொல்ல வேண்டும். இந்தியாவை அளக்கும் வேலை நம் ஊரில்தான் தொடங்கியது. 1802-ல் வில்லியம் லாம்டன் பரங்கிமலைக்குப் பக்கத்தில் முதல் அடிக்கோட்டை அளந்தார். அங்கிருந்து முக்கோணம் முக்கோணமாக வடக்கே போய், அரை நூற்றாண்டில் இமயமலையின் காலடிக்குப் போய்ச் சேர்ந்தார்கள். அங்கே வந்ததும் முட்டிக்கொண்டு நின்றது. மலைக்கு அந்தப் பக்கம் திபெத். வெள்ளைக்காரருக்கு அங்கே அனுமதி இல்லை. தியோடலைட்டைத் தூக்கிக்கொண்டு போனால் எல்லையிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

1860-களில் கேப்டன் மான்ட்கோமரி என்ற அதிகாரி இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். மலைநாட்டு ஆட்களுக்குப் பயிற்சி கொடுத்து, யாத்ரீகர் வேஷத்திலும் வியாபாரி வேஷத்திலும் அனுப்பினார்கள். இவர்களுக்கு 'பண்டிட்' என்று பெயர். கையில் ஜெபமாலை இருக்கும். பௌத்தர்களின் மாலையில் 108 மணி, இவர்கள் மாலையில் மட்டும் 100. நூறு அடி நடந்தால் ஒரு மணி தள்ள வேண்டும். சுற்றுகிற பிரார்த்தனைச் சக்கரத்துக்குள் மந்திரச் சுருள் இருக்கிற இடத்தில் குறிப்புத் தாள் இருக்கும். பெட்டியின் கள்ள அடித்தட்டில் செக்ஸ்டன்ட், ஊன்றுகோலுக்குள் வெப்பமானி. தண்ணீர் எந்த வெப்பத்தில் கொதிக்கிறது என்று பார்த்து, அந்த இடம் எவ்வளவு உயரம் என்று கணக்குப் போடுவார்கள். என் காலத்திலேயே சங்கிலியைத் தூக்கிக்கொண்டு வயலில் இறங்கினால் ஊரே கூடி நிற்கும். வருஷக்கணக்கில் யாருக்கும் தெரியாமல் அளப்பது என்றால் எப்பேர்ப்பட்ட காரியம் என்று தொழில் தெரிந்தவனுக்குத்தான் புரியும்.

இந்தப் பண்டிட்களில் பெரும்புகழ் பெற்றவர் நைன் சிங். 1865-66-ல் லாசா வரைக்கும் அடியெண்ணி நடந்தவர். லண்டன் ராயல் ஜியாகிரபிகல் சொசைட்டி 1877-ல் அவருக்குத் தங்கப்பதக்கம் கொடுத்தது. 2004-ல் நம் தபால் துறை அவருக்கு ஸ்டாம்பு போட்டது. ஆக, ஆங்கில அரசாங்கம் யாரையுமே கௌரவிக்கவில்லை என்று ஒரேயடியாகச் சொல்ல முடியாது. ஆனால் நைன் சிங் பள்ளிக்கூட வாத்தியார். எழுதத் தெரிந்தவர். தன் கையாலேயே தன் கணக்கை எழுதிக் கொடுத்தார். கிந்துப்புக்கு அந்தக் கை இல்லை. அவரிடம் இருந்தது ஞாபகசக்தி ஒன்றுதான்.

இப்போது ஆறு. சாங்போ கயிலாயம், மானசரோவர் பக்கம் பிறந்து, திபெத் பீடபூமியில் கிழக்குப் பார்த்து ஆயிரம் மைல் போல ஓடுகிறது. பிறகு நம்சா பர்வா என்ற மலைக்கும் கியாலா பெரி என்ற மலைக்கும் நடுவில் ஒரு பள்ளத்தாக்கில் நுழைந்து கண்ணுக்கு மறைகிறது. முதலாவது 7,782 மீட்டர் உயரம், இரண்டாவது 7,294 மீட்டர். நுழைகிற இடம் கடல் மட்டத்துக்குமேல் சுமார் 9,000 அடி. தெற்கே அஸ்ஸாம் சமவெளியில் மலையிலிருந்து ஆறுகள் வெளியே வருகிற இடம் சில நூறு அடிதான். நடுவே இருக்கிற நூற்றுச் சொச்சம் மைலில் என்ன நடக்கிறது என்று யாருக்கும் தெரியாது. வெளியே வருவதோ ஒரு ஆறு இல்லை. திகாங், திபாங், லோகித், சுபன்சிரி என்று பல. இதில் எது சாங்போ? பர்மாவில் வேலை பார்த்த ராபர்ட் கார்டன் என்ற பொறியாளர், சாங்போ ஐராவதியில்தான் சேர்கிறது என்று அடித்துச் சொன்னார். இன்னும் சிலர், 9,000 அடியிலிருந்து இறங்குவதானால் நயாகராவைத் தூக்கிச் சாப்பிடுகிற அருவி ஒன்று உள்ளே இருந்தாக வேண்டும் என்று கற்பனை பண்ணினார்கள்.

சர்வே இலாகாவில் ஹென்றி ஹார்மன் என்று ஒரு கேப்டன் இருந்தார். அஸ்ஸாமில் இந்த ஆறுகளின் தண்ணீர் அளவை எடுத்துப் பார்த்ததில், திகாங்தான் எல்லாவற்றிலும் பெரியது என்று தெரிந்தது. சந்தேகம் வலுத்தது, சாட்சி வேண்டும். முதலில் நேம் சிங் என்பவரை அனுப்பினார். அவருக்குத் துணையாகப் போனவர் கிந்துப். இருவரும் 1879 வாக்கில் பள்ளத்தாக்கின் வாசலான கியாலா வரை போய்த் திரும்பினார்கள். அது போதவில்லை. 1880-ல் மறுபடி ஒரு பயணம். இந்தத் தடவை தலைவர் ஒரு சீன லாமா. கிந்துப் அவருக்கு வேலைக்காரர். ஆற்றோரமாகவே நடந்து இந்தியச் சமவெளிக்கு வந்துவிட வேண்டும் என்பது உத்தரவு. அது முடியாவிட்டால், ஒரு அடி நீளத்தில் 500 மரக்கட்டைகள் வெட்டி, அடையாளம் வைத்து, நாளைக்கு ஐம்பதாக ஆற்றில் விட வேண்டும். கீழே திகாங் வெளிவருகிற இடத்தில் ஹார்மனின் ஆட்கள் கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு காத்திருப்பார்கள். கட்டை வந்தால் ஆறு ஒன்றுதான் என்று முடிவாகிவிடும். யோசித்துப் பார்த்தால் நாம் சின்ன வயதில் வாய்க்காலில் காகிதக் கப்பல் விட்ட அதே வித்தை.

லாமாவுக்கு இதிலெல்லாம் ஆர்வமே இல்லை. கிந்துப்பை அடிமை போல நடத்தினார். ஒரு கிராமத்தில் தங்க இடம் கொடுத்த வீட்டுக்காரரின் மனைவியோடு தொடர்பு வைத்துக்கொண்டு நான்கு மாதம் அங்கேயே உட்கார்ந்துவிட்டார். விஷயம் வெளியே வந்தபோது, வீட்டுக்காரருக்கு 25 ரூபாய் ஈடு கொடுத்து ஆளை மீட்டவர் கிந்துப். பிறகு எப்படியோ கியாலாவைத் தாண்டி, பள்ளத்தாக்குக்குள் பேமாகோசுங் என்ற சின்ன மடாலயம் வரை போனார்கள். அதற்கு மேல் கரையோரம் வழி இல்லை. திரும்பி வேறு பாதையில் டோங்யுக் என்ற கோட்டைக்கு வந்தார்கள். அங்கே லாமா, ஒரு வேலையாகப் போய்விட்டு வருகிறேன் என்று கிளம்பினார். வரவே இல்லை. நாள் கழித்துத்தான் தெரிந்தது, கிந்துப்பைக் கோட்டைத் தலைவரிடம் அடிமையாக விற்றுவிட்டுப் போயிருக்கிறார் என்று. அது 1881-ஆம் வருஷம்.

மாதக்கணக்கில் அங்கே அடிமை வேலை. 1882 மார்ச்சில் தப்பித்து ஓடினார். இந்த இடத்தில் ஒரு நிமிஷம் நில்லுங்கள். தப்பித்த அடிமை எங்கே ஓடுவான்? வீட்டைப் பார்த்து ஓடுவான். லாமா போய்விட்டார், பணம் போய்விட்டது, கருவிகள் போய்விட்டன. திரும்பிப் போய் நடந்ததைச் சொன்னால் யாரும் குற்றம் சொல்ல முடியாது. கிந்துப் வீட்டைப் பார்த்து ஓடவில்லை. ஆற்றைப் பார்த்து ஓடினார். பள்ளத்தாக்கின் கீழ்ப் பகுதியான பேமாகோவுக்குள் இறங்கி, ஆற்றோடு போய்க்கொண்டே இருந்தார். மார்புங் என்ற மடாலயத்தை அடைந்தபோது கோட்டைத் தலைவரின் ஆட்கள் பின்னாலேயே வந்து சேர்ந்துவிட்டார்கள். கிந்துப் மடாதிபதியின் காலில் விழுந்தார். தனக்குத் தாய் தகப்பன் இல்லை, யாத்திரை வந்த இடத்தில் கூட வந்தவன் விற்றுவிட்டான் என்று முறையிட்டார். மடாதிபதி 50 ரூபாய் கொடுத்து அவரை வாங்கிக்கொண்டார். ஒரு அடிமைத்தனத்திலிருந்து இன்னொன்று. ஆனால் இந்த எஜமானர் நல்லவர்.

நாலரை மாதம் மடத்தில் வேலை செய்தபின், யாத்திரை போக லீவு கேட்டார். கிடைத்தது. யாத்திரையின் பேரில் ஆற்றங்கரைக்குப் போய் மரம் வெட்டினார். தனி ஆளாக 500 கட்டைகள். அறுத்து, ஆள் நடமாட்டம் இல்லாத ஒரு குகையில் ஒளித்து வைத்துவிட்டு, நல்ல பிள்ளையாக மடத்துக்குத் திரும்பினார். உடனே ஆற்றில் விட்டிருக்கலாமே என்று கேட்கலாம். இரண்டு வருஷம் தாமதமாகிவிட்டதே, கீழே யார் காத்திருப்பார்கள்? தேதி சொல்லாமல் விட்டால் ஐந்நூறும் வீண் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. இலாகாவில் பெரிய படிப்புப் படித்தவர்கள் கூட இந்த நிதானத்தோடு வேலை செய்து நான் அதிகம் பார்த்ததில்லை.

மறுபடி லீவு, இந்தத் தடவை லாசாவுக்கு. அங்கே சிக்கிம்காரர் ஒருவரைப் பிடித்து, டார்ஜிலிங்கில் இருக்கும் நேம் சிங்குக்கு ஒரு கடிதம் எழுதச் சொன்னார். லாமா தன்னை விற்றுவிட்டு அரசாங்கச் சாமான்களோடு ஓடிப்போனதையும், உத்தரவுப்படி 500 கட்டைகள் தயாராக இருப்பதையும் சொல்லி, திபெத்தியப் பத்தாம் மாதம் ஐந்தாம் தேதியிலிருந்து பதினைந்து வரை நாளைக்கு ஐம்பதாக விடப்போகிறேன் என்று தேதி குறித்துக் கொடுத்தார். அடிமையாக விற்கப்பட்ட ஒரு மனிதன் மேலதிகாரிக்கு அனுப்புகிற கடிதத்தில் என்னைக் காப்பாற்றுங்கள் என்று ஒரு வார்த்தை இல்லை. வேலை நிலவரம் மட்டும்தான். கடிதத்தைக் கொடுத்துவிட்டுத் தப்பித்துப் போகாமல் மார்புங்குக்கே திரும்பிப் போய், இன்னும் ஒன்பது மாதம் எஜமானருக்கு வேலை செய்தார். கடைசியில் இவருடைய யாத்திரை பக்தியைப் பார்த்து மனம் இளகி மடாதிபதியே விடுதலை கொடுத்துவிட்டார்.

1883-ன் இறுதியில் குறித்த நாளில், குறித்த இடத்தில், கிந்துப் கட்டைகளை விட்டார். ஐம்பது, ஐம்பது, ஐம்பது என்று பத்து நாள். ஐந்நூறும் போயிற்று.

கீழே ஒருவரும் இல்லை.

கடிதம் போய்ச் சேர வேண்டியவர் கைக்கு அது போய்ச் சேரவில்லை. ஹார்மன் உடம்பு கெட்டு இந்தியாவை விட்டே போய், அந்த வருஷமே காலமாகிவிட்டார். காவலுக்கு நின்றவர்கள் எப்போதோ கலைந்துவிட்டார்கள். ஐந்நூறு கட்டைகளும் திகாங் வழியாக அஸ்ஸாமுக்குள் வந்து, பிரம்மபுத்திராவில் மிதந்து, யார் கண்ணிலும் படாமல் வங்காள விரிகுடாவுக்குப் போயிருக்கும்.

இது தெரியாத கிந்துப், உத்தரவின் முதல் பாதியையும் முடித்துவிடலாம் என்று ஆற்றோடு கீழே நடந்தார். ஓன்லெட் என்ற ஊர் வரை போனார். ஆங்கிலேய எல்லை அங்கிருந்து 35 மைல்தான். அதற்கு அப்பால் அபோர் என்று அன்றைக்கு அழைக்கப்பட்ட, இன்றைக்கு ஆதி என்று சொல்லிக்கொள்கிற மக்களின் நாடு. அன்னியரை விடமாட்டார்கள். முப்பத்தைந்து மைலுக்காக, வந்த வழியே திரும்பி, லாசா வழியாக இமயமலையை மறுபடி தாண்டினார். வீட்டுக்கு வந்தபோது அம்மா இறந்து போயிருந்தாள். இரண்டரை மாதம் இருந்து காரியங்களை முடித்துவிட்டு, 1884 நவம்பரில் டார்ஜிலிங் ஆபீஸ் வாசலில் போய் நின்றார். புறப்பட்டு நாலு வருஷம் ஆகிவிட்டது. ஆபீஸில் அவரை யாரும் எதிர்பார்த்துக்கொண்டிருக்கவில்லை.

இரண்டு வருஷம் கழித்துத்தான் அவர் சொல்வதை எழுதிக்கொள்ள ஏற்பாடு நடந்தது. கிந்துப் சொல்லச் சொல்ல ஒருவர் எழுதினார். அது ஆங்கிலத்துக்கு மொழிபெயர்க்கப்பட்டது. 1889-ல் இலாகா அச்சிட்டது. ஊர் ஊராக, படித்துறை படித்துறையாக, எந்த ஊரில் எத்தனை வீடு, அடுத்த ஊருக்கு எத்தனை மைல் என்று நாலு வருஷத்தையும் ஞாபகத்திலிருந்தே கொட்டியிருந்தார். அந்த அறிக்கையில் பேமாகோசுங்கில் சாங்போ 150 அடி உயரத்திலிருந்து அருவியாக விழுகிறது என்று ஒரு வரி இருந்தது.

அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டார்கள். நயாகரா கனவு கண்டவர்களுக்குக் கொண்டாட்டம். மற்றவர்களுக்குச் சந்தேகம். எழுத்தறிவில்லாத ஆள், கையில் ஒரு குறிப்பு இல்லை, கருவி இல்லை, எதை வைத்து நம்புவது? கிந்துப் தையல் வேலைக்குப் போய்விட்டார். நடுநடுவே மலையேற வருகிறவர்களுக்குத் துணையாகப் போவார். வாடெல் என்ற ஆங்கிலேய மருத்துவர் அப்படி அவரோடு சிக்கிம் மலைகளில் சுற்றி, 1899-ல் வந்த தன் புத்தகத்தில் அவரைப் பற்றி மரியாதையாக எழுதியிருக்கிறார். அதற்குமேல் ஒன்றும் நடக்கவில்லை. கட்டைகளை விட்டு முப்பது வருஷம் ஆயிற்று.

1913-ல் பெய்லி, மோர்ஸ்ஹெட் என்ற இரண்டு ஆங்கில அதிகாரிகள் அஸ்ஸாம் பக்கமிருந்து மலையேறிப் பேமாகோவுக்குள் நுழைந்தார்கள். கிந்துப்பின் அறிக்கையை வைத்துக்கொண்டு ஊர் ஊராகச் சரிபார்த்தார்கள். அவர் சொன்ன ஊர் சொன்ன இடத்தில் இருந்தது. சாங்போவும் திகாங்கும் ஒன்றே என்பது உறுதியாயிற்று. பேமாகோசுங்கிலும் அருவி இருந்தது. ஆனால் அதன் உயரம் 30 அடிதான்.

அப்படியானால் 150 அடி எங்கிருந்து வந்தது? அதற்கும் கியாலாவில் விடை கிடைத்தது. அங்கே பெரிய ஆற்றுக்கு எதிர்க்கரையில் ஒரு சின்ன ஓடை உயரமான பாறையிலிருந்து விழுகிறது. தண்ணீருக்குப் பின்னால் யமதர்மனின் உருவம் சங்கிலியால் கட்டி வைக்கப்பட்டிருப்பதாக யாத்ரீகர்கள் வந்து கும்பிடுகிற இடம். பிறகு பெய்லி, கிந்துப் இன்னும் உயிரோடு இருக்கிறாரா என்று தேடினார். டார்ஜிலிங்கில் தைத்துக்கொண்டிருந்தார். 1914-ல் சிம்லாவுக்கு வரவழைத்துக் கேட்டபோது, பெரிய ஆற்றில் 150 அடி அருவி என்று தான் சொல்லவே இல்லை என்றார். ஓடை விழுவது கியாலாவில், ஆறு விழுவது பேமாகோசுங்கில், அது ஒரு வீடு உயரம்தான் இருக்கும் என்று விளக்கினார். எழுதினவரோ மொழிபெயர்த்தவரோ இரண்டு அருவியையும் ஒன்றாக்கிவிட்டார்கள். அச்சான தன் வாக்குமூலத்தைக் கிந்துப்பால் படித்துப் பார்க்க முடியாது. ஆகையால் அதில் பிழை இருக்கிறது என்பதே அவருக்குத் தெரியாது.

இந்த இடத்தைப் படித்த அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. காரணத்தை இந்த மலரில் சொல்லிவிடுகிறேன். வேறு எங்கே சொல்லப் போகிறேன்? நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் என்னோடு ஒரு செயின்மேன் இருந்தார். என்னைவிட இருபது வயது மூத்தவர். கையெழுத்துப் போடத் தெரியாது, கைநாட்டுதான். ஆனால் சுற்றுவட்டாரத்தில் எந்தக் கல் எந்த வேலிக்குள் புதைந்து கிடக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். அண்ணன் தம்பி தகராறில் ஒரு வரப்பை அளக்கப் போனோம். அவர் சங்கிலியைப் பிடித்து "இருபத்தி நாலு புள்ளி ஆறு சார்" என்று கத்தினார். நான் குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு 26.4 என்று எழுதினேன். ஆறடி வித்தியாசம். விவகாரம் மேலே போய், மறுபடி அளந்து, பிழை வெளிப்பட்டபோது என்னிடம் விளக்கம் கேட்டார்கள். செயின்மேன் அளவைத் தவறாகச் சொல்லியிருக்கலாம் என்று எழுதினேன். 'லாம்' என்று போட்டதில் என் மனசாட்சியைச் சமாதானம் செய்துகொண்டேன். அவருக்கு ஒரு இன்கிரிமென்ட் நின்றது. அவர் கேட்டாரா, ஏன் சார் என்று? கேட்கவில்லை. நோட்டுப் புத்தகத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று அவருக்கு எப்படித் தெரியும்! ரிட்டயர் ஆகிறவரை "வாங்க சார், டீ சாப்பிடலாம்" என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். அவர் காலமாகி ரொம்ப வருஷம் ஆகிவிட்டது.

கிந்துப்புக்காவது பெய்லி என்று ஒருவர் வந்தார். அவருக்கு ஒரு சின்னப் பென்ஷன் கொடுக்க வேண்டும் என்று அரசாங்கத்திடம் வாதாடினார். வயசாகிவிட்டது, ரொம்ப நாள் கொடுக்க வேண்டியிருக்காது என்றுகூடச் சொல்லிப் பார்த்தார். அவர் தொண்ணூறு வயசு வரை இருந்துவிட்டால் என்ன செய்வது என்று கஜானாக்காரர்கள் கேட்டார்களாம். இதைப் பெய்லியே பிற்காலத்தில் எழுதியிருக்கிறார். கடைசியில் மொத்தமாக 1,000 ரூபாய் கொடுத்தார்கள். கிந்துப் வாங்கிக்கொண்டு டார்ஜிலிங் திரும்பினார். சில மாதங்களில் இறந்தும் போனார். கஜானாவுக்குப் பென்ஷன்தான் லாபமாக இருந்திருக்கும்! பெய்லிக்கு ராயல் ஜியாகிரபிகல் சொசைட்டி 1916-ல் தங்கப்பதக்கம் கொடுத்தது. அவரைக் குறை சொல்ல மாட்டேன். அவரும் உயிரைப் பணயம் வைத்து நடந்தவர்தான், தனக்கு முன்னால் நடந்தவரை மறக்காதவரும்கூட.

ஒரு விஷயத்தை மறைக்கக் கூடாது. இந்த அளவை வேலை எல்லாம் வெறும் அறிவுதாகம் இல்லை. ருஷ்யா எங்கே வந்துவிடுமோ என்ற பயம், வியாபாரப் பாதை, எல்லை, இதெல்லாம் பின்னால் இருந்தது. பெய்லியும் மோர்ஸ்ஹெட்டும் வரைந்துகொண்டு வந்த படம் 1914-ல் சிம்லா மாநாட்டில் மக்மகான் கோடு போடப் பயன்பட்டது. அந்தக் கோட்டுக்காக 1962-ல் என்ன நடந்தது என்று வரலாற்று மாணவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. திபெத்தியர் பார்வையில் கிந்துப் ஒரு ஒற்றர். அதுவும் உண்மைதான். அவருக்கே அது எவ்வளவு தெரியும் என்றுதான் யோசிக்கிறேன். ஹார்மன் என்ற ஒரு மனிதர் அவரிடம் ஒரு வேலை சொன்னார், இவர் சரி என்றார். சாம்ராஜ்யத்தை எல்லாம் அவர் ஜெபமாலையில் எண்ணியதாகத் தெரியவில்லை.

பள்ளத்தாக்கின் மிச்சக் கதையையும் சொல்லி முடிக்கிறேன். 1924-ல் கிங்டன் வார்டு என்ற தாவரவியல் ஆராய்ச்சியாளர் உள்ளே போய், சில மைல்கள் தவிர மற்றதைப் பார்த்துவிட்டு, பெரிய அருவி எதுவும் இல்லை என்று எழுதினார். அவர் பார்க்காமல் விட்ட அந்தச் சில மைல்களுக்குள் 1998 நவம்பரில் இயன் பேக்கர் குழுவினர் இறங்கி, நூறு அடிக்குச் சற்று மேற்பட்ட ஒரு அருவியை அளந்தார்கள். கட்டைகள் போன காலத்துக்கு 115 வருஷம் பின்னால். கிந்துப் அடிமையாக இருந்த பேமாகோ இன்று சீனாவின் மேடோக் மாவட்டம். அந்தப் பெரிய வளைவில் 60,000 மெகாவாட் நீர்மின் திட்டத்துக்கு 2025 ஜூலையில் வேலை தொடங்கியிருக்கிறது. கீழே திகாங் கரையிலும் அஸ்ஸாமிலும் தண்ணீர் எவ்வளவு வரும், எப்போது வரும் என்று மக்கள் கவலையோடு கேட்கிறார்கள். மேலேயிருந்து விட்டது கீழே வந்து சேருமா என்ற அதே கேள்விதான்.

எங்கள் பேராசிரியர் இன்று இல்லை. மணி அடிக்காமல் இருந்திருந்தால் இதையெல்லாம் அவர் இன்னும் நன்றாகச் சொல்லியிருப்பார். அந்தத் துணி வரைபடம் இன்னும் வரலாற்றுத் துறையில் இருக்கிறதா என்று இப்போது படிக்கிற தம்பி தங்கைகள் யாராவது பார்த்து வைத்தால் புண்ணியமாகப் போகும். பழைய கட்டடம், முதல் மாடி, படியேறியதும் இடது பக்கம். பீரோவுக்குப் பின்னால் சுருட்டி வைத்திருந்தாலும் வைத்திருப்பார்கள். இந்த ஞாயிற்றுக்கிழமை சந்திப்புக்கு நான் கொஞ்சம் சீக்கிரமாகவே வந்துவிடுவேன்.